பட்டத்தை உதறிய எம்.பி.: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டிஷ் தொழிலாளர் கட்சியின் டோனி பென் 1950-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர், 2001-இல் விலகியவர், 2014-இல் மறைந்தவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: பென் 50 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தார் என்று ஓரிடத்திலும் 47 ஆண்டுகள் என்று வேறோர் இடத்திலும் படித்தேன். எது சரி? (வாசகர், தஞ்சாவூர்)

ப: 47. நுழைந்த நாளுக்கும் விலகிய நாளுக்கும் இடையே 50 ஆண்டுகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் நடுவே இரண்டு இடைவெளிகள் உண்டு. 1950 நவம்பர் 30 அன்று பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் வென்றபோது அவருக்கு வயது 25. உடல்நலம் கெட்டுப் பதவி விலகிய ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸின் இடம் அது. 1942-இல் தூதுக்குழுவோடு இந்தியா வந்தாரே, அதே கிரிப்ஸ்தான். 1960 நவம்பர் 17 அன்று பென்னின் தந்தை இறந்ததும் அந்த இடம் பறிபோனது. 1963 ஆகஸ்ட் 20 அன்று அதே தொகுதியில் மீண்டும் வென்று 1983 பொதுத்தேர்தல் வரை இருந்தார். பிறகு 1984 மார்ச் 1 முதல் 2001 வரை செஸ்டர்ஃபீல்டு தொகுதி. பத்து, இருபதுக்குச் சற்றுக் குறைவு, பதினேழு. கூட்டிப் பாருங்கள்.

கே: இவ்வளவு காலம் இருந்தவர் ஏன் ‘சபையின் தந்தை’ ஆகவில்லை? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: அந்தப் பெயர் மொத்தச் சேவைக்குக் கிடைப்பதல்ல, இடைவெளியில்லாத சேவையில் மூத்தவருக்குக் கிடைப்பது. மேலே சொன்ன இரண்டு இடைவெளிகளே பென்னைத் தகுதியிழக்கச் செய்துவிட்டன. அவை இல்லாதிருந்தாலும் வாய்ப்பில்லை. முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத் 1950 பிப்ரவரியில், அதாவது பென்னுக்கு ஒன்பது மாதம் முன்பே, உள்ளே வந்துவிட்டார். இருவரும் விலகியது ஒரே தேர்தலோடு.

பட்டத்துக்குரிய வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றே ஒன்றுதான்: புதிய சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்துவது. 2000 அக்டோபரில் ஹீத் அதைச் செய்தார். அன்று 12 பேர் போட்டியிட்டார்கள். பழைய முறைப்படி முதலில் ஒரு பெயரை முன்மொழிய வேண்டும். அடுத்தடுத்த பெயர்களை அந்தத் தீர்மானத்துக்குத் திருத்தங்களாக ஒவ்வொன்றாய்க் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் உறுப்பினர்கள் எழுந்து லாபி வழியே நடந்து எண்ணப்பட வேண்டும். பேசாமல் வாக்குச்சீட்டு போடலாமே என்று பென் கேட்டார். ஹீத் மரபை விட்டு நகரவில்லை. மணிக்கணக்கில் நடந்து மைக்கேல் மார்ட்டின் தேர்வானார். அடுத்த ஆண்டே விதி மாறி ரகசிய வாக்குச்சீட்டு வந்தது. 2009-இல் ஜான் பெர்கோ அந்த முறையில்தான் தேர்வானார்.

கே: அப்பா இறந்தால் மகனின் எம்.பி. பதவி எப்படிப் போகும்? வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவரை யார் நீக்க முடியும்? (வாசகி, திருச்சி)

ப: அன்றைய சட்டம் நீக்கும். பரம்பரைப் பிரபுவின் இடம் மேலவையான பிரபுக்கள் சபை; மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் சபையில் அவர் உட்கார முடியாது. பிரபுப் பட்டத்தை வேண்டாமென்று சொல்லவும் வழியில்லை. ரத்தத்தில் வருவது, அவ்வளவுதான்.

பென் குடும்பத்துக்கு இந்தப் பட்டம் பழையதுகூட அல்ல. போர்க்காலக் கூட்டணி அரசில் பிரபுக்கள் சபையில் தொழிலாளர் கட்சிக்கு ஆள் போதவில்லை. அதனால் 1942-இல் தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென்னை விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் ஆக்கினார்கள். ஆயுட்காலப் பிரபு என்ற ஏற்பாடு 1958-இல்தான் வந்தது. அதற்கு முன் யாரைப் பிரபுவாக்கினாலும் அவர் பிள்ளைக்கும் சேர்த்தே பட்டம். மூத்த மகன் மைக்கேல் பாதிரியாராக விரும்பியவர், பட்டம் வருவதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் விமானப் படையில் இருந்தபோது 1944-இல் இறந்துவிட, வாரிசுரிமை டோனியின் தலையில் விழுந்தது. 1955-இலேயே தனி மசோதா மூலம் விலக்குக் கேட்டுப் பார்த்தார். பிரபுக்கள் சபை ஒப்பவில்லை.

1960-இல் தந்தை இறந்ததும் பென்னின் இடம் பறிபோனது. 1961 மே 4 அன்று நடந்த இடைத்தேர்தலில் பென்னே மறுபடி நின்றார். தகுதியில்லாதவர் நிற்பதைத் தடுக்கச் சட்டத்தில் ஏற்பாடில்லை. வென்றபின் வழக்குப் போடலாம், அவ்வளவே. பென் 23,275 ஓட்டு, கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர் 10,231. 13,044 ஓட்டு வித்தியாசத்தில் வென்றவரைச் சபையின் வாசற்காவலர் உள்ளே விடவில்லை.

வழக்கு இரண்டு நீதிபதிகள் கொண்ட தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. பென் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. காரணம் கவனிக்கத்தக்கது: பென்னுக்குத் தகுதியில்லை என்பது வாக்காளர்களுக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தே போட்ட ஓட்டு வீணாய்ப் போன ஓட்டு, ஆகவே இரண்டாவதாக வந்தவரே வென்றவர். மறுதேர்தலும் கிடையாது. இப்படி உள்ளே போன செயின்ட் கிளேர் யார் என்றால், அவரே வேறொரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசாக இருந்தவர்! விதி தன்னைத்தானே கேலி செய்துகொண்ட சந்தர்ப்பம் இது. கன்சர்வேடிவ் அரசே சட்டத்தை மாற்றியாக வேண்டிய கட்டாயத்துக்கு வந்தது.

கே: பட்டத்தைத் துறக்க என்ன செய்ய வேண்டும்? இப்போதும் முடியுமா? (வாசகர், பெங்களூரு)

ப: முடியும். 1963-ஆம் ஆண்டுப் பிரபுப் பட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. நடைமுறை எளிது, கெடுதான் கடுமையானது.

பட்டம் வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் துறப்புப் பத்திரத்தில் சாட்சி வைத்துக் கையெழுத்திட்டு லார்ட் சான்சலர் என்ற அமைச்சரிடம் சேர்க்க வேண்டும். 21 வயது ஆகாதவருக்கு அந்த 12 மாதம் 21 முடிந்த நாளிலிருந்து தொடங்கும். பட்டம் வரும்போது எம்.பி.யாக இருப்பவருக்கு 1999 வரை ஒரே ஒரு மாதம்தான் கெடு. அந்த மாதத்தில் சபையில் உட்காரவோ ஓட்டுப் போடவோ கூடாது என்றிருந்தது. சட்டம் வந்தபோது ஏற்கெனவே பிரபுக்களாக இருந்தவர்களுக்கு ஒரு முறை மட்டும் 12 மாத வாய்ப்புத் தரப்பட்டது.

1999 வரை தவறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, கெடுவைத் தாண்டிவிடுவது. இன்னொன்று, பட்டம் வந்ததும் பிரபுக்கள் சபைக்கான அழைப்பாணைக்கு விண்ணப்பித்துவிடுவது. விண்ணப்பித்தவர் பிறகு துறக்க முடியாது என்று அப்போது விதி இருந்தது. துறந்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை. மனைவிக்குரிய பட்டமும் சேர்ந்து போகும். ஆனால் துறப்பு அந்த ஒருவரின் ஆயுளுக்கு மட்டும். அவர் இறந்ததும் பட்டம் வாரிசுக்குப் போய்விடும். ஸ்டான்ஸ்கேட் பட்டம் 2014-இல் மூத்த மகன் ஸ்டீபனுக்குப் போனது, அவர் 2021-இல் பிரபுக்கள் சபைக்குள்ளும் வந்தார். இன்னொரு மகன் ஹிலாரி 1999 முதல் காமன்ஸ் சபையில் இருக்கிறார்.

1999-இல் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்கள் அந்தச் சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வெளியே இருக்கும் பிரபு பட்டத்தை வைத்துக்கொண்டே காமன்ஸ் சபைக்குப் போட்டியிடலாம் என்று ஆகிவிட்டதால், துறப்பதற்கான அவசியமே ஏறக்குறைய இல்லாமல் போனது.

கே: அந்தச் சட்டத்தால் அதிகம் பயனடைந்தவர் பென் இல்லையாமே? (வாசகர், சேலம்)

ப: சரியாகப் பிடித்தீர்கள். 1963 ஜூலை 31 மாலை அரச ஒப்புதல் கிடைத்தது, 6.22-க்கு பென் துறப்புப் பத்திரத்தைக் கொடுத்து முதல் ஆளானார். செயின்ட் கிளேர் சொன்ன சொல் தவறாமல் விலகிக்கொண்டார். அந்த இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி ஆளே நிறுத்தவில்லை.

இங்கேதான் ஒரு சின்னத் திருத்தம் வேலை செய்தது. மசோதா முதலில் எழுதப்பட்டபடி அடுத்த பொதுத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்திருக்கும். பிரபுக்கள் சபையில் அதை உடனடி அமல் என்று மாற்றினார்கள். அக்டோபரில் பிரதமர் மேக்மில்லன் நோயால் விலகினார். பதினான்காவது ஹோம் பிரபு அவர் இடத்தில் பிரதமரானார், அக்டோபர் 23 அன்று பட்டத்தைத் துறந்தார், நவம்பர் 7 அன்று ஸ்காட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் வென்றார். நடுவில் இரண்டு வாரம் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத பிரதமர்! பென் தொகுதிக்காகப் போராடித் திறந்த கதவு வழியாக எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பிரதமர் இல்லத்துக்கே போய்விட்டார். ஹோம் பின்னாளில், 1974-இல், ஆயுட்காலப் பிரபுவாகத் திரும்பினார். பென் திரும்பவில்லை.

விதியை மாற்றுவது பென், பலன் வேறு எங்கோ என்பது இவர் வாழ்க்கையில் மறுபடி மறுபடி வரும். கீழே இன்னும் இரண்டு இடங்களில் பார்ப்பீர்கள்.

கே: காந்தியைப் பார்த்திருக்கிறாரா? (வாசகி, காரைக்குடி)

ப: பார்த்திருக்கிறார், ஆறு வயதில். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தி லண்டன் போனபோது. தந்தை வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்கான அமைச்சர். தண்டி யாத்திரையும், ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு யாத்திரையும், காந்தி–இர்வின் ஒப்பந்தமும், பகத் சிங் தூக்கும் அவர் காலத்தில் நடந்தவை. மகன் பின்னாளில் குடியேற்ற ஆட்சிக்கு எதிரான இயக்கங்களில் முன்னணியில் நின்றார் என்பதற்காகத் தந்தையின் கணக்கை மறந்துவிடத் தேவையில்லை.

கே: பிரிட்டிஷ் தபால் தலையில் ராணியின் படத்தை எடுக்கப் பார்த்தவர் இவர்தானா? (தபால் தலை சேகரிப்பாளர், மதுரை)

ப: இவரேதான். 1964 அக்டோபர் முதல் 1966 ஜூலை வரை போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். நம் ஊர் பி.எம்.ஜி. போல அதிகாரி இல்லை, அங்கே அது அமைச்சர் பதவி.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், உலகில் நாட்டின் பெயரை அச்சிடாத தபால் தலை பிரிட்டனுடையது மட்டும்தான். அரசர் தலை இருந்தாலே நாட்டின் அடையாளம் ஆகிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், டோரதி வைல்டிங் எடுத்த புகைப்படத்தை வைத்த பழைய உருவம் சிறப்புத் தபால் தலைகளில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு, படம் வரைபவருக்கு மிச்சத்தைத்தான் விட்டது. ஓவியர் டேவிட் ஜென்டில்மன் இதைச் சொல்லி பென்னுக்கு எழுதினார். முடியாட்சியில் நம்பிக்கையில்லாத பென்னுக்கு வேறென்ன வேண்டும்? ராணி தலை இல்லாத மாதிரிகளை எடுத்துக்கொண்டு 1965 மார்ச்சில் அரண்மனைக்கே போய்த் தரையில் பரப்பிக் காட்டினார். ராணி முகம் சுளிக்கவில்லை. அதைச் சம்மதம் என்று பென் எடுத்துக்கொண்டார். அது தப்புக்கணக்கு. அரண்மனை அதிகாரிகளும் பிரதமர் அலுவலகமும் மெதுவாக முட்டுக்கட்டை போட்டார்கள்.

முடிவில் வந்தது ஜென்டில்மன் தந்த சமரசம்: மூலையில் சின்னதாக ஒரு பக்கத்தோற்ற நிழலுருவம். 1966-இலிருந்து சிறப்பு வெளியீடுகளைப் பாருங்கள், அதற்கு முந்தியவற்றோடு பக்கத்தில் வையுங்கள். படத்துக்குக் கிடைத்த இடம் கண்ணுக்கே தெரியும். அன்றாடப் புழக்கத்துக்கான மேச்சின் வரிசை (1967) வேறு கதை, அதில் தலைதான் எல்லாம். தலையை எடுக்கப் போனவர் தலையைச் சுருக்கியதோடு நின்றார் என்றாலும், பிரிட்டிஷ் தபால் தலைக் கலைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது எங்கள் கருத்து.

கே: கான்கார்டு விமானத்தை நிறுத்தாமல் காப்பாற்றியது பென்னா, ஒப்பந்தமா? (வாசகர், சென்னை)

ப: முதலில் ஒப்பந்தம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் இந்தப் பயணி விமானத்தைச் சேர்ந்து தயாரிக்க 1962 நவம்பரில் பிரான்ஸோடு போட்ட உடன்படிக்கையில் விலகும் விதி எதுவும் இல்லை. 1964-இல் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சிப் பிரதமர் ஹரால்ட் வில்சனின் அரசு திட்டத்தைக் கைவிடப் பார்த்தபோது, விலகினால் பிரான்ஸ் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற பயம்தான் தடுத்தது. பென் 1966–70-இல் தொழில்நுட்ப அமைச்சர். 1967 டிசம்பரில் துலூஸில் விமானத்தை வெளிக்கொணர்ந்த விழாவில், பிரிட்டன் வெட்டியிருந்த பெயரின் கடைசி எழுத்தான ‘e’-ஐப் பிரெஞ்சு முறைப்படி திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தவர் அவர்.

1974-இல் தொழில்துறை அமைச்சராகத் திரும்பியபோது அதுவரை மூடி வைத்திருந்த செலவுக் கணக்கைச் சபையில் போட்டு உடைத்தார், ஆனால் திட்டத்தை நிறுத்த உடன்படவில்லை. விமானம் தயாரான ஃபில்டன் ஆலை பிரிஸ்டலில். அவர் தொகுதிக்காரர்களுக்குச் சோறு போட்ட ஆலை. கொள்கை எவ்வளவு, தொகுதி எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கடைசியில் விமான நிறுவனங்களுக்குப் போனவை 14 மட்டும்: பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏழு, ஏர் பிரான்ஸுக்கு ஏழு.

கே: தொழிலாளர்களே நடத்திய ஆலைகளுக்கு அரசுப் பணம் கொடுத்தாரே, அவை ஏன் தோற்றன? (வாசகர், சிவகாசி)

ப: மூன்று கூட்டுறவுகள்: மெரிடனில் டிரையம்ப் மோட்டார் சைக்கிள், லிவர்பூல் அருகே கிர்க்பியில் ரேடியேட்டரும் பழரசமும் ஒரே கூரையின் கீழ் செய்த ஆலை, கிளாஸ்கோவில் ‘ஸ்காட்டிஷ் டெய்லி நியூஸ்’ பத்திரிகை. மூன்றுக்கும் பொதுவானது, முதலாளி லாபமில்லை என்று மூட முடிவெடுத்த இடம் என்பது. நல்ல நிலையில் இருந்த ஒன்றைத் தொழிலாளர்கள் எடுத்து நடத்தியதில்லை.

மெரிடன் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. 1973 செப்டம்பரில் மூடல் அறிவிப்பு வந்ததும் தொழிலாளர்கள் வாயிலை மறித்து உட்கார்ந்தார்கள். பென் அமைச்சராக இருந்த அரசு 42 லட்சம் பவுண்டு கடனும் ஏழரை லட்சம் பவுண்டு மானியமும் தந்தது. 1975-இல் கூட்டுறவு தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே சம்பளம். பணம் இவ்வளவோடு நின்றதுதான் கோளாறு: பழைய கடனையும் கூலியையும் பார்த்துக்கொள்ளப் போதும், புதிய எஞ்சின் வடிவமைக்கப் போதாது. ஹோண்டா நான்கு சிலிண்டர் வண்டிகளை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கையில் இருந்தது பழைய இரட்டைச் சிலிண்டர் பானவில். விற்பனை உரிமையும் முதலில் பழைய முதலாளி நிறுவனத்திடமே இருந்தது. 1977-இல்தான் வாங்க முடிந்தது. முக்கியச் சந்தை அமெரிக்கா. 1980 வாக்கில் பவுண்டின் மதிப்பு ஏறியதும் அங்கே விலை கட்டுப்படியாகவில்லை. 1983-இல் மூடினார்கள். பெயரை வாங்கிய புதிய உரிமையாளர் ஹிங்க்லியில் வேறு ஆலை கட்டி முழுக்கப் புது வண்டிகள் செய்தார். இன்று சாலையில் பார்க்கும் டிரையம்ப் அந்த வழியில் வந்தது.

கிர்க்பி 1979-இல் முடிந்தது. பத்திரிகை 1975 மே மாதம் தொடங்கி அந்த நவம்பரிலேயே நின்றது.

கே: ஐரோப்பாவை விட்டு விலகும் கருத்துக்கணிப்பு, அதாவது பொதுவாக்கெடுப்பு, அவருடைய யோசனையா? (வாசகர், புதுச்சேரி)

ப: பொதுவாக்கெடுப்பு என்ற வழியைத் தொழிலாளர் கட்சிக்குள் கொண்டுவந்தவர் அவர். 1970-இல் தொகுதி மக்களுக்கு எழுதிய கடிதத்தில் முதலில் சொன்னார். கட்சியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் கேலஹன் மட்டும் இதைச் சின்ன ரப்பர் படகு என்றும், ஒருநாள் கட்சி முழுக்க இதில் ஏற வேண்டி வரலாம் என்றும் சொன்னாராம். 1972-இல் ஏறினார்கள். அந்த முடிவை எதிர்த்து ராய் ஜென்கின்ஸ் துணைத் தலைவர் பதவியை விட்டார்.

1975 ஜூன் 5 அன்று, ஐரோப்பியச் சமூகத்தில் தொடர்ந்து இருக்கலாமா என்று வாக்கெடுப்பு. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பை வில்சன் தற்காலிகமாகத் தளர்த்தி, ஏழு அமைச்சர்கள் எதிர்த்துப் பிரசாரம் செய்ய விட்டார். பென் ‘வேண்டாம்’ பக்கம். முடிவு: இருப்போம் என்பவர்கள் 67.2 சதவீதம், வேண்டாம் என்பவர்கள் 32.8. ஒரு வாரத்துக்குள் வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றினார். எரிசக்தி அமைச்சர் எரிக் வார்லி தொழில்துறைக்கு வந்தார். வார்லியின் பெயரை நினைவில் வையுங்கள். 2016-இல் அதே கருவி எதிர்த்திசையில் வெட்டியபோது பென் உயிரோடு இல்லை.

கே: 1981-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் துணைத் தலைவர் பதவியை இழந்தார் என்கிறார்கள். அரை சதவீதம் கால் சதவீதம் எல்லாம் கட்சித் தேர்தலில் எப்படி வரும்? (வாசகர், ஈரோடு)

ப: ஓட்டுகளை எண்ணுவதில்லை, பங்குகளை எண்ணுவார்கள். அதுவரை தலைவரையும் துணைத் தலைவரையும் எம்.பி.க்கள் மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பினர்களுக்கும் உரிமை வேண்டும் என்று பென் அணி போராடியது. 1981 ஜனவரி 24 அன்று வெம்ப்ளி மாநாட்டில் புதிய முறை நிறைவேறியது: தொழிற்சங்கங்களுக்கு 40 சதவீதம், எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30. மறுநாளே நான்கு முன்னாள் அமைச்சர்கள் பிரிந்து போவதற்கான அறிக்கையை விட்டார்கள். அதிலிருந்து சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தது.

பதவியில் இருந்தவர் டெனிஸ் ஹீலி. செப்டம்பர் 27, பிரைட்டன். முதல் சுற்றில் ஹீலி 45.369, பென் 36.627, ஜான் சில்கின் 18.004. யாருக்கும் பாதி இல்லை என்பதால் சில்கின் விலக, இரண்டாம் சுற்று. ஹீலி 50.426, பென் 49.574.

பிரித்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். தொகுதிக் கட்சிகளின் 30-இல் பென்னுக்கு 24.327, ஹீலிக்கு வெறும் 5.673. எம்.பி.க்களின் 30-இல் பென் 10.241, ஹீலி 19.759. சங்கங்களின் 40-இல் பென் 15.006, ஹீலி 24.994. ஒரு சங்கத்தின் ஓட்டு முழுவதும் அப்படியே ஒரு பக்கம் போகும். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் போன்ற ஒன்று மட்டும் பன்னிரண்டரை லட்சம் ஓட்டை வைத்திருந்தது. அது முதல் சுற்றில் சில்கினுக்கும் இரண்டாவதில் பென்னுக்கும் போட்டது. இடதுசாரிச் சங்கம் என்று கருதப்பட்ட பொதுத்துறை ஊழியர் சங்கமான நூப், உறுப்பினர்களைக் கேட்டபின் ஹீலிக்குப் போட்டது. இதைப் பென் அணி எதிர்பார்க்கவில்லை. உறுப்பினர்களைக் கேள் என்று ஊரெல்லாம் பேசியவர்களுக்கு உறுப்பினர்களைக் கேட்டதே எமனானது.

எம்.பி.க்கள் பகுதியிலும் ஓட்டை இருந்தது. நீல் கின்னக் உள்ளிட்ட சில இடதுசாரி எம்.பி.க்கள் சில்கினுக்குப் போட்டுவிட்டு இரண்டாம் சுற்றில் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் மட்டும் மனம் மாறியிருந்தால் போதும். இந்த முறையால் முதலில் கட்சித் தலைவரானவர் யார் என்கிறீர்கள்? 1983-இல் அதே கின்னக்.

கே: 1983-இல் தலைவர் பதவிக்கு அவர் ஏன் நிற்கவில்லை? (வாசகி, நாகர்கோவில்)

ப: நிற்க எம்.பி.யாக இருக்க வேண்டும். மறுசீரமைப்பில் அவருடைய பழைய தொகுதி காணாமல் போனது. பாதுகாப்பான பிரிஸ்டல் தெற்கில் கட்சிக்குள்ளேயே மைக்கேல் காக்ஸ் அவரை வென்றுவிட்டார். வெளியூரில் நல்ல இடம் தேடலாம் என்ற யோசனையைத் தள்ளிவிட்டு, பிரிஸ்டலை விடமாட்டேன் என்று பிரிஸ்டல் கிழக்கில் நின்றார். 1,789 ஓட்டில் தோற்றார். நாடு முழுக்கக் கட்சிக்கு 27.6 சதவீதம்தான். கட்சியை உள்ளே இருந்து பிளந்தவர் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர்மேல் இருக்கிறது. அதில் பாதியாவது நியாயம்: தேர்தல் தூரத்தில் இல்லாதபோது துணைத் தலைவர் பதவிக்கு ஆறு மாதப் போட்டி என்பது தேவையற்ற செலவு.

அடுத்த ஆண்டு செஸ்டர்ஃபீல்டு காலியானது. விலகியவர் எரிக் வார்லி. 1984 மார்ச் 1 அன்று பென் வென்றார், அதே மாதம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. நிலக்கரி வட்டாரத்து எம்.பி.யாக ஆண்டு முழுக்க மறியல் களங்களில் இருந்தார். 1988-இல் கின்னக்கை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்றபோது கிடைத்தது 11.4 சதவீதம், அந்தப் போட்டிக்குப் பிறகு கட்சி, வேட்பாளருக்கு எம்.பி.க்களில் 20 சதவீதம் பேரின் முன்மொழிவு வேண்டும் என்று விதியை இறுக்கியது.

கே: ஆரம்பத்திலிருந்தே தீவிர இடதுசாரியா? (வாசகர், வேலூர்)

ப: இல்லை. அறுபதுகளில் அவர் நவீனத் தொழில்நுட்பம் பேசிய நடுப்பாதைக்காரர், அணுமின்சாரத்தின் ஆதரவாளர். அமைச்சராக இருந்து பார்த்தபின் இடப்பக்கம் நகர்ந்தார். பொதுவாக அரசியல்வாதிகள் எதிர்த்திசையில் நகர்வார்கள். வயது ஏற ஏற முதிர்ச்சி குறைகிறது இவருக்கு என்று வில்சன் கிண்டலடித்தார்.

கே: பிரிஸ்டலில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்தில் வேலைக்கு எடுக்காத விவகாரத்தில் பென் என்ன செய்தார்? (வாசகர், கொழும்பு)

ப: 1963-இல் பேருந்து நிறுவனத்தின் நிறத்தடையை எதிர்த்து உள்ளூரில் வாழ்ந்த மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் புறக்கணிப்பு நடத்தினார்கள். போராட்டம் அவர்களுடையது. பென் அப்போது சபைக்கு வெளியே இருந்தார். சைக்கிள் தேடிப் பிடித்தாவது போவேன், பேருந்தில் ஏறமாட்டேன் என்று அறிவித்து ஆதரித்தார், வில்சனையும் பேச வைத்தார். ஆகஸ்ட் 28 அன்று தடை நீங்கியது. செப்டம்பரில் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகச் சேர்ந்தவர் ஒரு சீக்கியர், ரக்பீர் சிங். இரண்டு ஆண்டில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது.

கே: நாடாளுமன்ற அலமாரியில் ஆணியடித்தாராமே? (வாசகி, தூத்துக்குடி)

ப: திருகாணி. பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், முகவரி ‘நாடாளுமன்றம்’ என்று பதிவாக வேண்டும் என்பதற்காக, அங்குள்ள தேவாலயத்தின் துடைப்ப அலமாரியில் ஒளிந்திருந்தார். அந்த இடத்தில் பென் பலகை மாட்டினார். முறையாக அனுமதி கேட்டிருந்தால் குழு, துணைக்குழு, அறிக்கை என்று போயிருக்கும்.

கே: அவர் நாட்குறிப்பை நம்பி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாமா? (முதுகலை மாணவர், சிதம்பரம்)

ப: எழுதலாம், தனியாக அல்ல. பெரும்பாலானவை அன்றன்று இரவே ஒலிநாடாவில் சொல்லி வைத்தவை; பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதும் தன்வரலாற்றைவிட அந்த வகையில் நம்பகமானவை. பேட்டி எடுக்க வருபவர்களையும் தன் டேப் ரிக்கார்டரில் பதிவு செய்துகொள்வார், சொன்னதைத் திரித்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கை. ஆனால் அச்சில் வந்த தொகுதிகள் மூலத்தின் ஒரு பகுதிதான், பதிப்பாசிரியர் சுருக்கியவை. மேற்கோள் காட்டும்போது எந்தத் தொகுதி, எந்தத் தேதி என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. 1964–70 அரசில் மூன்று அமைச்சர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள்: பென், ரிச்சர்ட் கிராஸ்மன், பார்பரா காசில். 1974–76-க்கு பென்னும் காசிலும் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு மூவரையும் ஒப்பிடுங்கள். யார் என்ன சொன்னார் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள், யார் வென்றார் என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அமைச்சரவைக் குறிப்புகளுக்குப் போங்கள். அந்த ஆண்டுகளின் குறிப்புகள் எல்லாம் திறந்துவிட்டார்கள், பல இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. அதிகாரபூர்வக் குறிப்பில் முடிவு மட்டும் இருக்கும், சண்டை இருக்காது. சண்டைக்கு நாட்குறிப்பு, முடிவுக்கு ஆவணம் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.